பழைய லைன்



அதிகம் பேர் போகாத இடம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதுங்கள் என்று சென்ற மாதம் இதே பக்கத்தில் கேட்டிருந்தேன். சுற்றுலாச் சிறப்பிதழுக்காகக் கேட்டது. பை நிறையக் கடிதம் வந்தது. அருவி, மலைக்கோட்டை, சமணர் படுக்கை, பாட்டி ஊர்க் கண்மாய்க்கரை என்று படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. அவற்றில் ஒரு கடிதம் மட்டும் என்னை ஊரைவிட்டுக் கிளப்பியது.

எழுதியவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி. செல்பேசியில் அவர் பார்த்த ஒரு வீடியோவைப் பற்றி எழுதியிருந்தார். நள்ளிரவு. டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பேர் நடந்து போகிறார்கள். கூரை இல்லாத சின்னச் சின்ன வீடுகள் வரிசையாக வருகின்றன. ஒரு வாசலில் ஒற்றைச் செருப்பு, இன்னொரு வீட்டில் பாதி ஆடிக்கொண்டிருக்கும் கதவு, பின்னணியில் பேய்ப்பட இசை. ‘பிளவக்கல் பக்கம் ஆளே இல்லாத அகதிகள் முகாம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். “ஐயா, இதைப் பற்றிச் சிறப்பிதழில் எழுதுவீர்களா? எப்படிப் போவது, எந்த நேரம் போனால் நன்றாக இருக்கும், உள்ளே விடுவார்களா என்றும் சேர்த்து எழுதினால் நண்பர்களோடு போய்வர வசதியாக இருக்கும்” என்று கேட்டிருந்தார்.

கேள்வியில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இருபது வயதில் காலி வீட்டைப் பார்த்தால் உள்ளே எட்டிப் பார்க்கத்தான் தோன்றும். எனக்கும் அந்த வயதில் தோன்றியிருக்கிறது. வீடியோவை நானும் தேடிப் பார்த்தேன். பேய் என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. சுவரில் அடுப்புக் கரி தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு ஒரு வாரம் வேறு வேலை ஓடவில்லை. கிளம்பிவிட்டேன்.

மதுரையிலிருந்து தே.கல்லுப்பட்டி வழியாகப் போய், கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. அதைத் தாண்டிக் கூமாபட்டி. அதற்கப்புறம் சாலை நேராக மலைக்குள் போய் முட்டுவதுபோல இருக்கும். விருதுநகர் மாவட்டம் என்றதும் வெயில், கரிசல், தீப்பெட்டி என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வயல், தென்னை, நடுநடுவே மாந்தோப்பு. பிளவக்கல்லில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அணைகள்: பெரியாறு அணை, கோவிலாறு அணை. முதலாவது 47 அடிக்குக் கொஞ்சம் கூட, இரண்டாவது 42 அடிக்குக் கொஞ்சம் கூட. பெரிய அணைகள் என்று சொல்ல முடியாது. ஆனால் கீழே நாற்பது கண்மாய்கள் இந்தத் தண்ணீரைத்தான் நம்பி இருக்கின்றன. மலையில் இரண்டு நாள் நல்ல மழை பெய்தால் போதும், வத்திராயிருப்பு விவசாயிகள் டீக்கடையில் அணையின் அடிக்கணக்கைத்தான் பேசுவார்கள். அணைக்குப் பின்னால் இருக்கும் காடு 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது.

கூமாபட்டிக்கு 2025-ல் ஒரு யோகம் அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளூர் இளைஞர் ஒருவர் தன் ஊரின் அழகை ஆசையாகச் சொல்லி “ஏங்க, கூமாபட்டிக்கு வாங்க” என்று அழைத்தார். ஜூன் மாதம் தமிழ்நாடே அந்த அழைப்பைக் கேட்டது. கார், வேன், இருசக்கர வாகனம் என்று கூட்டம் வந்து குவிந்தது. அணையில் இறங்கிக் குளிக்கக் கூடாது என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே பிளவக்கல் அணைப் பூங்காவைச் சீரமைக்க அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. தன் ஊரை நேசித்த ஒருவர் வாய்விட்டு அழைத்ததால் நடந்தது இது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். வருகிறவர்கள் குப்பையைப் போட்டுவிட்டுப் போகாமல் இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.

கூமாபட்டியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி விசாரித்தேன். “அண்ணாச்சி, இந்தப் பக்கம் ஆளில்லாத அகதிகள் முகாம் எங்க இருக்கு?”

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே கேட்டார். “ஆளில்லாததா? அப்படி இங்க ஒண்ணும் கெடையாதே. முகாம்னா மொட்டமலையில இருக்கு. ராஜபாளையம் போற வழி. கண்டியாபுரத்துல ஒண்ணு, செவலூர்ல ஒண்ணு, ஆனைக்குட்டத்துல ஒண்ணு, அங்கிட்டுக் குல்லூர்சந்தையில ஒண்ணு. ஆனா அங்கெல்லாம் ஆளு இருக்காங்களே சார்!”

ஆளு இருக்காங்களே. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். மொட்டமலையைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஒருமுறைகூட இறங்கியதில்லை. ஆள் இல்லாத முகாம் என்றதும் எண்பது கிலோமீட்டர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வீடியோவில் பார்த்த இடத்தைக் கடைசியில் கண்டுபிடித்தேன். மாவட்டத்தின் இன்னொரு மூலையில் இருந்தது. எந்த முகாம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே இருக்கிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

போனது பகல் பதினொரு மணிக்கு. சாலைக்கு இந்தப் பக்கம் புதுக் காங்கிரீட் வீடுகள், வாசலில் கோலம், கொடியில் துணி, ஒரு பாட்டுச் சத்தம். சாலைக்கு அந்தப் பக்கம் வீடியோவில் வந்த அதே வரிசை. அவ்வளவுதான் மர்மம். பழைய வீடுகளில் இருந்தவர்கள் எதிரே கட்டிய புது வீடுகளுக்குக் குடிபோயிருக்கிறார்கள். பழைய வரிசையை இன்னும் இடிக்கவில்லை. இராத்திரி டார்ச் அடித்துப் படம் எடுத்தவர்கள் கேமராவை ஒரே ஒருமுறை பின்பக்கம் திருப்பியிருந்தால் நூறு வீடுகளில் விளக்கு எரிவது தெரிந்திருக்கும்.

முகாமுக்குள் போக அதிகாரிகளின் அனுமதி வேண்டும். என்னிடம் அது இல்லை. சாலையோரம் பழைய வரிசைக்கு வெளியே நின்று பார்த்தேன். ஓட்டையும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டதால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வெயில் நேராக விழுந்தது. பத்தடிக்குப் பத்தடி அறை. அதற்குள்ளேயே மூலையில் அடுப்பு மேடை, அதற்கு மேலே சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி. நிலைக்கு மேலே நீலப் பெயின்டில் வீட்டு எண். முன்சுவரில் ஆணியில் சிவகாசி நாள்காட்டி ஒன்றின் அட்டை மட்டும் தொங்கியது. தாள்கள் எல்லாம் கிழிக்கப்பட்டு, அடியில் இருந்த இரும்புப் பட்டை துருப்பிடித்திருந்தது. கதவுநிலையின் உட்பக்கம் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. என் இடுப்பு உயரத்தில் ஆரம்பித்து மார்பு வரை ஏறியிருந்தன. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு எழுத்து: ‘க’, ‘க’, ‘ஜெ’, மறுபடியும் ‘க’. பிள்ளைகள் வளர்ந்த உயரம்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது. நீளமான தொரட்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா சாலையைக் கடந்து வந்தார். அறுபது வயது இருக்கும்.

“என்ன தம்பி பாக்குறீங்க? நீங்களும் படம் எடுக்க வந்தனீங்களோ?”

“இல்லக்கா. பத்திரிகையில இருந்து வந்திருக்கேன்.”

“உது எங்கட வீடுதான்” என்று அந்தக் கோடு போட்ட கதவுநிலையைக் காட்டினார். “முருங்கைக்காய் பிடுங்க வந்தனான். மரம் இங்கதானே நிக்குது. நாங்க போயிட்டம், அதுக்கு வரத் தெரியேல்ல.”

வீட்டின் பின்னால் இருந்த முருங்கை சுவரைவிட இரண்டு மடங்கு உயரம் வளர்ந்து காய் காயாகத் தொங்கியது. அவர் தொரட்டியை மாட்டி இழுக்க, நான் கீழே நின்று பொறுக்கினேன். பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது.

மன்னார்ப் பக்கம் கரையோர ஊர். 1990-ல் சண்டை மறுபடி தொடங்கியபோது புறப்பட்டிருக்கிறார்கள். கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. காதில் கிடந்ததைக் கழற்றிப் படகுக்காரரிடம் கொடுத்திருக்கிறார். விடியுமுன் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிட்டது. இந்தியா வந்துவிட்டது என்று நினைத்துத் தரையைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். வெளிச்சம் வந்த பிறகுதான் சுற்றிலும் கடல் என்று தெரிந்தது. மீனவர்கள் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்து தனுஷ்கோடிக் கரையில் விட்டார்கள். அங்கிருந்து மண்டபம். அங்கிருந்து ஒரு இரவு பேருந்தில் ஏற்றினார்கள். எந்த ஊருக்குப் போகிறோம் என்று யாருக்கும் தெரியாது.

“முதல்ல ஒரு குடோன்லதான் விட்டவங்க. சேலையைக் கட்டித்தான் அறை பிரிச்சனாங்க. என்ர இளையவன் அந்தச் சேலைக்கு உள்ளதான் பிறந்தவன். பிறகுதான் இந்த லைன் கட்டிக் குடுத்தது. பத்துக்குப் பத்து எண்டாலும் கதவு இருந்தது பாருங்க. கதவைச் சாத்திப்போட்டு அண்டைக்குத்தான் நல்லா அழுதனான்.”

இதை எழுதும்போதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் கை நிற்கிறது. முழுதாக அழுவதற்கே ஒரு கதவு தேவைப்பட்டிருக்கிறது.

இளைய மகன் இப்போது பெயின்டர். முகாம் ஆண்களில் நிறையப் பேருக்கு அதுதான் தொழில். கோயம்புத்தூர், திருப்பூர் என்று போய் அடுக்குமாடிச் சுவர்களுக்கு வண்ணம் அடிப்பார்கள். மாதாமாதம் முகாமில் ‘செக்கிங்’ வரும் நாளுக்கு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். “அவனுக்கு முப்பத்தஞ்சு வயசு. இந்த மண்ணிலதான் பிறந்தவன். இலங்கையைக் கண்ணாலயும் கண்டதில்லை. ஆனா அவன் இலங்கை அகதி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

அவர் சொன்ன கணக்குக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தை வாசகர்களுக்கு நான் கொஞ்சம் விளக்க வேண்டும். 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து, பெற்றோரில் எவரும் சட்டவிரோதமாகக் குடியேறியவராகக் கணக்கிடப்படக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. கடவுச்சீட்டு இல்லாமல் உயிர் பிழைக்கப் படகில் வந்தவர்கள் அந்தக் கணக்கில்தான் சேர்க்கப்பட்டார்கள். 2019-ல் திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைப் பற்றியது. இலங்கை அதில் இல்லை. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், பிறப்பாலேயே குடியுரிமை உள்ளவர், கடவுச்சீட்டுக்காக மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. 2022-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. முருங்கைக்காய் பிடுங்க வந்த அம்மாவின் மகன் பிறந்தது 1987 ஜூலை 1-க்குச் சில ஆண்டுகள் கழித்து. அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் வித்தியாசம்.

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு 1987 வரை இப்படி வந்தவர்கள் 1,34,000-க்கும் மேல். இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான பின் ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். 1990-ல் மறுபடியும் ஒரு லட்சத்துக்கு மேல் வந்தார்கள். 1996-ல் ஒரு அலை, 2006-ல் இன்னொரு அலை. மொத்தம் மூன்று லட்சத்தைத் தாண்டியது. இன்றும் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு இவற்றின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. 317 கோடி ரூபாயில் பல உதவிகள் அறிவித்தது. பழுதான வீடுகளுக்குப் பதிலாக 7,469 புது வீடுகள் கட்டுவது அதில் முக்கியமானது. ‘அகதி’ என்ற சொல்லை எடுத்தது சின்னக் காரியமில்லை. பள்ளிக்கூடத்தில் ‘முகாம்புள்ள’ என்று கூப்பிடப்பட்டு வளர்ந்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

அவர்கள் வந்து இறங்கிய மண்டபம் என்ற வாசலுக்கு இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் ‘மண்டபம் கேம்ப்’ என்றே ஒரு ரயில் நிலையம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. நம் ஊர்க்காரர்கள் அதன் வழியாகத்தான் கப்பலேறினார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தாத்தா போன வழியில் பேரன் திரும்பி வந்தான். அதன் பின் 1983. ஒரே இடத்தில் நூறு வருடமாக மூட்டையோடு ஆட்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் இலங்கையில் விலைவாசி தாங்காமல் படகேறி வந்தவர்களையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள்.

உண்மையிலேயே ஆளில்லாமல் போன முகாம்களும் உலகத்தில் உண்டு. தம்பியின் கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அவற்றையும் சொல்ல வேண்டும்.

நமக்கு மிக அருகில் இருப்பது வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம். 2009-ல் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வெளியே வந்த மக்களில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோரை அங்கே முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள். அந்த வெளியைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். ஆனந்த குமாரசாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர். நடராஜர் சிலையின் அழகை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவரின் பெயர் ஒரு முள்வேலிக்கு! அந்தப் பெயர்களைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வலி இன்னும் ஆறவில்லை. 2012 செப்டம்பர் இறுதியில் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றி முகாமை மூடினார்கள். கடைசியாகப் போனவர்களில் கேப்பாப்பிலவு மக்களும் இருந்தார்கள். அவர்கள் சொந்த ஊருக்குப் போகவில்லை. ஊரில் படைமுகாம் இருந்தது. சீனியாமோட்டை என்ற இடத்தில் காட்டை வெட்டி இறக்கிவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் முகாம் காலி. ஆட்கள் மட்டும் வீடு போய்ச் சேரவில்லை.

கேப்பாப்பிலவில் ஒரு பகுதியின் பெயர் பிலவுக்குடியிருப்பு. பிளவக்கல் என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்தான் ஞாபகம் வருகிறது. எழுத்தும் வேறு, பொருளும் வேறு, காதுக்கு மட்டும் பக்கத்தில் இருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று அந்த ஊர்ப் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விமானப்படை முகாம் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம். மார்ச் 1-ஆம் தேதி அவர்கள் நிலத்தைத் திறந்துவிட்டார்கள். உள்ளே ஓடிப்போய்த் தங்கள் மண்ணில் அவர்கள் விழுந்து அழுத படங்களைப் பத்திரிகைக்காரன் என்ற முறையில் அன்று பக்கத்தில் வைத்தேன். விளக்கம் எழுத வார்த்தை கிடைக்கவில்லை. ஊர் பெயரை மட்டும் போட்டேன்.

போர் முடிந்த பின் வந்த ஆண்டுகளில் இலங்கையின் தெற்கிலிருந்து வன்னிக்குப் பேருந்து பேருந்தாகச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கியைப் பார்வையிடமாக்கி, பக்கத்தில் நினைவுப்பொருள் கடையும் வைத்திருந்தார்கள். புதுக்குடியிருப்பில் நிலத்தடி வீடு ஒன்று 2013-ல் தகர்க்கப்படும் வரை வரிசையில் நின்று பார்க்கும் இடமாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் உயிர்விட்ட நந்திக்கடலின் ஓரத்தில் இராணுவம் ஒரு விடுதியே நடத்தியது. வந்த குடும்பங்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பல வருடம் பூட்டிக் கிடந்த பாதை திறந்தால் யாருக்கும் பார்க்க ஆசை வரும். ஆனால் அவர்கள் நின்று படம் எடுத்த அதே நேரத்தில் அந்த இடத்துக்காரர்கள் கம்பிக்குப் பின்னால் அனுமதிக்காகக் காத்திருந்தார்கள். இடத்தைக் காட்ட வழிகாட்டி உண்டு, அங்கே இருந்தவர் எங்கே என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை.

தூரத்தில் ஒரு கதை. சிங்கப்பூருக்குத் தெற்கே, இந்தோனேசியாவின் பாத்தாம் பக்கத்தில் கலாங் என்று ஒரு தீவு. வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர்களுக்காக 1979-ல் அங்கே முகாம் திறந்தார்கள். 1996-ல் மூடினார்கள். அதற்குள் அந்த வழியாகப் போனவர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். இன்று அது சுற்றுலாத் தலம். பாழடைந்த வீடுகள், பழைய ஆஸ்பத்திரி, ஒரு பௌத்த ஆலயம், ஒரு தேவாலயம், அவர்கள் வந்த மரப்படகுகள் எல்லாம் இருக்கின்றன. ஐந்நூறு கல்லறைகளும் இருக்கின்றன. கலாங்கில் வாழ்ந்து, பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறியவர்கள் 2005-ல் திரும்பி வந்தார்கள். கடலில் இறந்தவர்களை நினைத்தும், இடம் கொடுத்த நாட்டுக்கு நன்றி சொல்லியும் ஒரு கல் நாட்டினார்கள். வியட்நாம் அரசு ஆட்சேபம் சொல்ல, அதே ஆண்டில் அந்தக் கல்லை எடுத்துவிட்டார்கள். மலேசியாவின் பீடோங் தீவிலும் இதேதான் நடந்தது. பாழடைந்த கட்டடங்களை யாரும் தொடவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் கையால் எழுதி வைத்தது மட்டும் இல்லாமல் போனது.

அன்புத் தம்பிக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். வெறும் சுவரைப் பார்க்க நாம் இருட்டில் டார்ச்சோடு போகிறோம். அந்தச் சுவருக்குள் இருந்தவர் சாலைக்கு எதிரே தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரியும் மறுவாழ்வு முகாமில் உங்கள் வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். உங்களோடு அதே கல்லூரியில், ஒருவேளை அதே வகுப்பில் படிக்கிறார்கள். முகவரி கேட்டால் பேச்சை மாற்றுகிற நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், அவரோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் தேடுகிற கதை முழுவதும் அவர் வீட்டில் இருக்கிறது. அவர் அம்மா உங்களுக்குச் சோறும் போடுவார், நான் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்தப் பழைய வரிசைக்கு வழியைச் சிறப்பிதழில் போடமாட்டோம். பிளவக்கல்லுக்கும் கூமாபட்டிக்கும் வழி போடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் போனால் அணை நிறைந்திருக்க வாய்ப்பு அதிகம், வயலும் பச்சையாக இருக்கும். தண்ணீரில் இறங்காதீர்கள். இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து ஆறு மாதத்துக்கு மூன்று பக்கங்களை மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் வாசகர்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன். நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதலாம். சமையல், தேர்வு, கிரிக்கெட், முதல் வேலை, அம்மா சொன்ன கடல். துயரம்தான் எழுத வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். முகாம் பெயரும் போடமாட்டோம்.

புறப்படும்போது அந்த அம்மா எனக்குப் பத்து முருங்கைக்காயைக் கட்டித் தந்தார். பழைய வரிசையை அடுத்த மாதம் இடிக்க வருகிறார்களாம். “வீட்டை இடிக்கட்டும் தம்பி, அது ஒழுகினதுதானே. இந்த மரத்தை விட்டுவைப்பாங்களோ எண்டு கேக்கத்தான் ஆளில்லை. ஒரு கதியால் வெட்டிப் புது வீட்டில நடவேணும்” என்றார். பக்கத்தில் நின்ற பேத்தி, “அம்மம்மா, கதியால் இல்ல, முருங்கைப் போத்து” என்று திருத்தினாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கதவுநிலையில் இருந்த ‘ஜெ’ அவள்தான். கடைசிக் கோட்டைவிட இப்போது ஒரு முழம் வளர்ந்திருந்தாள்.

“ஊரில கதியால் எண்டுதான் சொல்லுறது” என்று சொல்லிக்கொண்டே அவர் அரிவாளால் இரண்டு கொம்பு வெட்டினார். ஒன்று அவருக்கு. இன்னொன்றை ஈரச்சாக்கில் சுற்றி என் வண்டியில் வைத்தார். அலுவலகப் பின்கட்டில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். நான்கு நாளாகிறது. நேற்றுக் காலை தண்ணீர் தெளிக்கும்போது பார்த்தேன், மேல் கணுவில் பச்சையாக ஒரு முளை தெரிகிறது.

அன்புடன்,
ஆசிரியர்